இடது ஓரம் மூன்று அங்குலம்

இட்லியா தோசையா என்று முடிவு செய்ய எனக்குக் கால் மணி நேரம் ஆகும், வக்கீல் சார். சர்வர் இரண்டு தடவை வந்து நின்றுவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் தடவை வரும்போது, பக்கத்து மேசைக்காரர் எதைச் சாப்பிடுகிறாரோ அதையே கொண்டுவரச் சொல்லிவிடுவேன். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ஏதோ திட்டம் போட்டுச் செய்தவன் என்ற நினைப்பில் நீங்கள் வந்திருக்கிறீர்கள். திட்டம் போடத் தெரிந்தவன் அம்பத்தூரில், ஏற்கெனவே இரண்டு ஸ்டூடியோ இருக்கிற தெருவில், மூன்றாவதாக ஒன்றைத் திறப்பானா?

அந்த இடத்தைக்கூட நான் தேர்ந்தெடுக்கவில்லை. வீராசாமிதான் தேர்ந்தெடுத்தான்.

வீராசாமி எங்கள் பின்தெருவில் குடியிருந்தான். அவனுடைய அப்பா காலம் வரைக்கும் அந்தப் பக்கமெல்லாம் நெல் வயல். கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். வயல் போய்ப் பட்டறைகள் வந்தபோது இவன் லேத் பிடிக்கக் கற்றுக்கொண்டான். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் குமாஸ்தா. என்னையும் அங்கே சேர்த்துவிடப் பார்த்தார். விண்ணப்பத்தை அனுப்பலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கடைசித் தேதி கடந்துவிட்டது. அப்படித்தான் போட்டோகிராபர் ஆனேன்.

ஷிப்ட் முடிந்ததும் வீராசாமி நேராக ஸ்டூடியோவுக்கு வருவான். கிரீஸ் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்து என் பிரச்சினைகளைத் தீர்த்துவைப்பான். போர்டு எந்த நிறம், திரைச்சீலையில் தாஜ்மகாலா மலையா, எல்லாம் அவன்தான். என் மகள் பிறந்து எட்டு மாதம் வரைக்கும் அவளுக்குப் பெயர் இல்லை. இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு நான் தவித்தேன். ஒரு நாள் அவன் குழந்தையைத் தூக்கி, "லோகநாயகின்னு வெய்யி மாமே, முடிஞ்சிது" என்றான். முடிந்தது. இரண்டும் இல்லாத மூன்றாவது பெயர். அவளுக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் காமிராவைக் கையில் எடுத்தால் நான் வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எழுபதாம் வருஷம் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஒரு வாரப் பத்திரிகை புகைப்படப் போட்டி வைத்திருந்தது. நானும் வீராசாமியும் அவன் சைக்கிளில் கோவில்பதாகை ஏரிக்குப் போனோம். நீர் வற்றி நடுவில் மட்டும் பளபளத்தது. புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாகச் சேற்றைக் கடந்து வந்தார்கள். பின்னால் மேகத்துக்குள் சூரியன். லென்ஸ் துவாரத்தை எட்டில் வைப்பதா பதினொன்றில் வைப்பதா, மஞ்சள் பில்டரைப் போடுவதா கழற்றுவதா என்று நான் குனிந்து நின்றேன். பெண்கள் பாதி ஏரியைத் தாண்டிவிட்டார்கள்.

"மாமே, இன்னும் இன்னா ரோசனை? முன்னாடி வர்ற அம்மா காலைத் தூக்கிகினு கீது பாரு. இப்ப அமுக்கு."

அமுக்கினேன்.

படத்துக்கு முதல் பரிசு. பத்திரிகையில் முழுப் பக்கம், கீழே 'ரகுநாதன், அம்பத்தூர்' என்று என் பெயர். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி வனஜா அதைக் காட்டினாள். "வீராசாமி அண்ணன் அமுக்குன்னு சொன்னாரு, இவரு அமுக்கினாரு" என்று சேர்த்துச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்ச்சி நிறையவே உண்டு, சார். மூன்று வருஷம் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவன் என் படங்களையும் திருத்த ஆரம்பித்தான். "கொஞ்சம் குந்திகினு எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்பான். யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது சரியாகவே இருக்கும். தப்பாகச் சொல்கிறவனை மன்னித்துவிடலாம்.

எழுபத்துமூன்றில் அவன் வேலை செய்த பட்டறையில் ஸ்டிரைக். அதன் பெயர் உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் நாள் சாயங்காலம் வீராசாமி வந்தான். ஸ்டூலில் உட்காரவில்லை.

"நாளைக்கு காலீல காமிராவோட கேட்டாண்ட வந்துடு மாமே. சூப்பர்வைசர் வெளிய வந்து பேசறேன்னு சொல்லிக்கிறாரு. எங்க ஆளுங்க ஒழுங்கா நின்னுகினு இருந்ததுக்கு சாட்சி ஓணும். நாளைக்கு எவனாச்சும் கலாட்டா பண்ணாங்கன்னு சொன்னான்னா, உன் படம் பேசும்."

நான் போனேன். ரோட்டின் எதிர்ப்பக்கம் ஒரு பெரிய சிமென்ட் குழாய் கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றேன். வெயில் நன்றாக இருந்தது. சூப்பர்வைசர் இராமகிருஷ்ணன் கையில் ஒரு காகிதத்தோடு கேட்டைத் திறந்து வந்தார். நல்ல மனிதர், அவருடைய மகள் காதுகுத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு கல் வந்தது. தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். நான் காமிராவைக் கல் வந்த பக்கம் திருப்பி ஒரு தடவை அமுக்கினேன். அப்புறம் எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன்.

அமுக்கு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மத்தியானம் டார்க்ரூமில் பிலிமைக் கழுவினேன். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் போட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. படத்தில் வலது பக்கம் வீராசாமி. தலைக்கு மேலே தூக்கிய கையில் ஒரு கல். வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு தெரிகிறது. அவ்வளவு ஷார்ப்பாக நான் எதையும் எடுத்ததில்லை. இடது பக்கம் இன்னொருவன், கட்டம் போட்ட லுங்கிக்காரன். அந்தப் பட்டறையில் அவனை யாரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். வீராசாமியின் மற்றக் கை அவனுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவன் வீசப் பார்த்த அடுத்த கல்லைப் பிடுங்கி, அவனுக்கு எட்டாதபடி வீராசாமி மேலே தூக்கியிருக்கிறான். அவன் எகிறி வீராசாமியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்குகிறான்.

சார், நீங்கள் போட்டோகிராபர் இல்லை. அந்தப் படத்தில் இருந்த சிக்கல் உங்களுக்குப் புரியாது. இரண்டு தலை, நாலு கை, கண் எங்கே போவதென்று தெரியாமல் அலைகிறது. காகிதத்தைப் பிடிக்கும் சட்டத்தில் ஒரு கறுப்புத் தகடு இருக்கும். அதை இடது ஓரத்திலிருந்து மூன்று அங்குலம் உள்ளே தள்ளினேன். லுங்கிக்காரன் போய்விட்டான். வீராசாமி மட்டும் தனியாக, வானத்துக்கு முன்னால், கல்லோடு நின்றான். பார்க்கிறவன் கண் ஒரே இடத்தில் போய் நிற்கும்.

தகட்டை எங்கே நிறுத்துவது என்று எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார்.

"கேட்டாண்ட படம் புடிச்சது நீதானாய்யா?"

"ஆமாம் சார்."

"ஆளு மூஞ்சி தெளிவா இருக்குற மாதிரி ஒண்ணு குடு."

தெளிவாக இருந்ததைக் கொடுத்தேன். அப்போது இராமகிருஷ்ணன் ஆஸ்பத்திரியில் உயிரோடுதான் இருந்தார். அதற்கும் மறுநாள்தான் இறந்துபோனார். அன்று சாயங்காலம் வீராசாமியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போய் விஷயத்தைச் சொல்லலாமா என்று நான் யோசித்தேன். வழக்கம்போல எனக்கு முடிவு வரவில்லை. கேட்டால் சொல்லவும் ஆள் இல்லை, அவன் லாக்கப்பில் இருந்தான்.

கோர்ட்டில் நடந்தது உங்கள் கேஸ் கட்டில் எழுதியிருக்கும். கல்லைப் பிடுங்கினதாக வீராசாமி சொன்னான். கூட நின்ற தொழிலாளிகள் நாலு பேரும் அதையே சொன்னார்கள். ஸ்டிரைக் செய்தவர்கள் பேச்சு எடுபடவில்லை. அவனுடைய வக்கீல் என்னிடம், "இது முழுப் படம்தானா?" என்று கேட்டார். "படம் இதுதான்" என்றேன். அது பொய் இல்லை. காகிதத்தில் அச்சாகி வருவதுதான் படம், நெகட்டிவ் வெறும் பிலிம். "நெகட்டிவ் எங்கே?" என்றார். "கழுவும்போது கெட்டுப்போச்சு" என்றேன். அது பொய்.

கூண்டிலிருந்து வீராசாமி, "மாமே, நல்லா ரோசனை பண்ணி சொல்லு" என்றான். நீதிபதி அவனை அதட்டினார். பிறகு படத்தை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நெடுநேரம் பார்த்தான். நான் காத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டான். என் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு அவன் குறை சொல்லாமல் இருந்தது அன்றுதான். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

ஏழு வருஷம் கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் சிறையில் மஞ்சள் காமாலை வந்து செத்துப்போனான்.

காரியம் முடிந்த மறு வாரம் அவன் மனைவி கன்னியம்மா ஸ்டூடியோவுக்கு வந்தாள். வனஜா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அது மூஞ்சி ஊட்ல ஒரு படத்துல கூட இல்லண்ணே. மால போடறதுக்கு ஒண்ணும் இல்ல. உன்னாண்ட எதுனா கீதா?"

ஏழெட்டு வருஷம் தினமும் ஸ்டூடியோவில் உட்கார்ந்தவன், ஒரு தடவைகூடக் காமிரா முன்னால் உட்கார்ந்ததில்லை. "என் மூஞ்சிய யாரு பாக்கப் போறா" என்பான். என்னிடம் இருந்தது ஒரே ஒரு நெகட்டிவ். கெட்டுப்போனதாக நான் சத்தியம் செய்த நெகட்டிவ்.

இங்கேதான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லை என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு நீங்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். எனக்கு இரக்கம் வந்தது. முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கழுத்துவரை அச்சடித்து, பிரேம் போட்டு, நானே அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கன்னியம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"யாரையோ வாணான்னு அதட்டற மாரி கீதுண்ணே."

"வெயில் கண்ணுல பட்டிருக்கும்மா" என்றேன்.

அவள் கழுத்தோரம் விரலை வைத்தாள். "இது யாரு கையி?"

காலரில் நாலு விரல்கள். இரக்கத்தில் அதை நான் கவனிக்கவில்லை. அவள் கத்தவில்லை, என்னைத் திட்டவில்லை. "குந்துண்ணே, காப்பி போடறேன்" என்றாள். நான் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அதற்குப் பிறகு அவள் எத்தனை வக்கீல் வீட்டு வாசல் ஏறினாளோ, எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

அந்த நாலு விரலும் கோர்ட்டுப் படத்தில் எப்படி இல்லாமல் போயிற்று என்று கேட்டீர்கள். தகட்டை அதற்கு மேல் தள்ளினால் வீராசாமியின் தோள் வெட்டுப்படும். அதனால் மெல்லிய பிரஷால் சட்டை நிறத்தில் மூடினேன். அரை மணி நேர வேலை. பெண் பார்க்கக் கொடுக்கும் படங்களில் அம்மைத் தழும்பை எடுப்பது மாதிரிதான். முழுப் படமும் ஒன்று அச்சடித்துப் பக்கத்தில் கொடியில் காயப் போட்டிருந்தேன். ஜீப் சத்தம் கேட்டதும் அதைக் கழற்றி நாலாகக் கிழித்தேன். இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்கவே இல்லை. அவர்மேல் தப்பு சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை. அந்தக் குழாய்க்கும் அவர்களுக்கும் நடுவில் இருபது அடிகூட இருக்காது. வீராசாமி கத்தினது எனக்கு நன்றாகக் கேட்டது. "போடாதடா, அவரு நம்ம மனுசன்டா" என்று கத்தினான். அது காதில் விழுந்த பிறகுதான் நான் அமுக்கினேன். அவன் கல்லைப் பிடுங்கினவன் என்பது டார்க்ரூமில் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினேன். ஆத்திரம் ஒன்றும் இல்லை. மனசு அவ்வளவு நிம்மதியாக என்றைக்குமே இருந்ததில்லை.

நெகட்டிவ் இந்த உறைக்குள் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி முழுப் படமும் அச்சடித்து வைத்திருக்கிறேன், ஓரம்கூட வெட்டவில்லை. கோர்ட்டில் காட்டுங்கள், பேப்பருக்கும் கொடுங்கள். கன்னியம்மாவுக்கும் ஒன்று கொடுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பேப்பரில் போட்டால் அதன் கீழே என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இடது பக்கம் ஒரே நெரிசல், கண் நிற்க இடமில்லை. அதை நான் எடுத்த படம் என்று நாலு பேர் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கும்.