எதுக்கு ஓடணும்னு கேட்ட பொண்ணு

லிஃப்ட் நின்னு போச்சு. அதைத்தானே இந்த லிஃப்ட் போன்ல சொல்லிக்கிட்டிருக்கேன், எத்தனை தடவை சொல்லணும்? அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல. கதவு திறக்கல. உள்ள நான் ஒருத்தன்தான்.

பேரு எதுக்கு? பம்ப்செட் கடைக்காரர்னு எழுதிக்க. வயசானவர்னும் எழுதிக்க, போ.

நீ யாரு முதல்ல? செக்யூரிட்டியா. கீழ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கற மீசைக்காரன்தானே? காலையில என் பையைக் கொட்டிக் கவுத்துப் பாத்தியே, என்ன கிடைச்சுது? ஒரு துண்டும் மூக்குக் கண்ணாடியும். இப்ப ஐயா ஐயாங்கறே.

மூச்செல்லாம் நல்லாத்தான் விடறேன். விளக்கு எரியுது, ஃபேன் ஓடுது. பயமா, எனக்கா? கயித்தைப் புடிச்சுக் கிணத்துக்குள்ள எறங்கி மோட்டார் மாட்டினவன்யா நான்.

சிவப்பு பொத்தானா? இருக்கு. நான் எதுக்கு அதைத் தொடறேன்? உங்க லிஃப்ட் நின்னதுக்கு என் தலையில கட்டப் பாக்கறியா? மேல ஒரு கேமரா தொங்குதே, அதுல பாத்துக்க வேண்டியதுதானே. ஓ, அது வேலை செய்யலையா. நல்லது. இல்லப்பா, சும்மா சொன்னேன்.

மெக்கானிக் வர அரை மணி ஆகுமா? ஆகட்டும். அவசரமில்ல. என்னைக்கு நின்னுது, எப்ப நின்னுது, யார் சரி பண்ணினாங்க, எல்லாத்தையும் நீ எழுதி வெக்கணுமா? எழுது. முதல்ல சரியாகட்டும்.

லைன்லயே இரு. ஒண்ணு கேக்கணும். ஆறாவது மாடியில ஒரு பொண்ணு சுத்துதே, கண்ணாடி போட்டுக்கிட்டு. அவ யாரு? டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. ஊசி போட மாட்டா, மாத்திரை தர மாட்டா. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நோயாளி வீட்டுக்காரங்க பக்கத்துல உக்காருவா. அதுக்கு மாசாமாசம் சம்பளமாம்.

தெரியுமா? அப்ப சொல்லு, யார் குடுக்கறது அந்தச் சம்பளம்? ஆஸ்பத்திரியா. சரிதான். ஆஸ்பத்திரி சும்மா காசு குடுக்குமா?

நான் நேராவே கேட்டுட்டேன், என்னம்மா படிச்சேன்னு. தத்துவமும் சமயமும்கறா. எந்தச் சமயம்னேன். எல்லாத்தையும் படிச்சேன்யாங்கறா. எல்லாச் சாமிக்கும் இவ ஒருத்தியே ஏஜென்டு போலிருக்கு. சரி, கடவுள் உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுன்னேன். தெரியலைங்கய்யாங்கறா! அஞ்சு வருஷம் படிச்சுட்டு. முகத்துல ஒரு வெக்கம் வேணாம்? இந்தப் படிப்பை எடுத்ததுக்கு அவங்கப்பா ரெண்டு வருஷம் அவகூடப் பேசவே இல்லையாம். விவரமான மனுஷன்.

சிரிக்காதே. என் கடைக்கு ஒருத்தன் வந்தான் வேலை கேட்டு. அவனும் தத்துவம்தான். எங்க போனாலும் கதவைச் சாத்தறாங்கன்னான். ஏன் சாத்தமாட்டாங்க? தம்பி, என் கடையில மோட்டார் ஏன் ஓடலைன்னு பாக்கறவன்தான் வேணும், எதுக்கு ஓடணும்னு கேக்கறவன் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன். அப்புறம் என்ன ஆனான்னு தெரியாது. நான் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்?

இவளுக்கு மட்டும் எப்படி வேலை கிடைச்சுது? அதான் என் சந்தேகம். யோசிச்சுப் பாரு. பெரிய டாக்டர் வந்து, முடிஞ்சு போச்சு, படுக்கையைக் காலி பண்ணுங்கன்னா நாம சட்டையைப் புடிப்போம். அதனால மெதுவாப் பேசற ஒரு பொண்ணை அனுப்பறான். அவ பேசிப் பேசிக் கரைச்சுடுவா. ஒரு படுக்கைக்கு இவ்வளவுன்னு அவளுக்கு ஒரு கமிஷன் இருக்கும்.

இல்லைங்கறியே, உனக்கு எப்படித் தெரியும்? அவ என்ன உன் அத்தை மகளா?

பஸ்ல போறாளா. பாத்திருக்கியா. சரி, கமிஷனை விடு.

என் வீட்டுக்காரிதான் அங்க இருக்கா. பன்னெண்டாம் நம்பர் படுக்கை. தலைக்குள்ள ரத்தக் குழாய் வெடிச்சிருச்சு. துணி காயப் போட்டுக்கிட்டிருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. தொண்டையில குழாய் வெச்சிருக்காங்க. மிஷின்தான் மூச்சு விடுது. மூணு வாரமாச்சு.

காலையில டாக்டர் கூப்பிட்டு உக்கார வெச்சார். இனிமே கண்ணு முழிக்க மாட்டாங்கன்னார். கழுத்துல ஓட்டை போட்டுக் குழாயை நிரந்தரமா வெக்கலாம், இல்ல எடுத்துட்டு வலி தெரியாம பாத்துக்கலாம், வீட்ல பேசிச் சொல்லுங்கன்னுட்டுப் போயிட்டார். என் மகன் என்னைப் பாக்கறான். அப்பா சொல்றபடின்னுட்டான். முப்பத்தெட்டு வயசு, ரெண்டு புள்ளைக்கு அப்பன். பல்லு விளக்கறதுக்குக்கூட என்னைக் கேக்காதவன், இதுக்கு மட்டும் அப்பா சொல்றபடியாம்.

பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்த அந்தப் பொண்ணு மட்டும் எழுந்து போகல. நானும் காத்துக்கிட்டுதான் இருந்தேன். உங்களுக்கு என்ன வேணும்யான்னு கேக்கட்டும், வாங்கு வாங்குன்னு வாங்கிடலாம்னு. அவ அதைக் கேக்கல. அம்மா இங்க நம்ம பக்கத்துல உக்காந்து, அந்தப் படுக்கையைப் பாத்துக்கிட்டிருந்தா என்ன சொல்லுவாங்கய்யாங்கறா.

இது என்னய்யா கேள்வி? அவ எப்படி உக்காந்திருப்பா? அவதான் படுத்துக் கிடக்காளே.

தெரியாதுன்னுட்டேன். டீ குடிச்சுட்டு வரேன்னு எறங்கி வந்துட்டேன். குடிச்சேன், ஏறினேன், இது நின்னு போச்சு. அவ்வளவுதான் விஷயம்.

என்னது? ஆறாவது மாடியில வெளிய இருக்கற கேமரா மட்டும் ஓடுதா. யாரு நிக்கறா லிஃப்ட் வாசல்ல?

அவளா! அவளுக்கு யார் சொன்னா? நீ சொன்னியா? பாத்தியா, எல்லாரும் ஒரே கூட்டு. போகச் சொல்லு அவளை.

நிக்கலையா? கீழயே உக்காந்துட்டாளா? தரையிலயா? என்ன பண்றா? போன்ல பேசறாளா, எதாவது எழுதறாளா? நல்லாப் பாத்துச் சொல்லு. சும்மாதான் உக்காந்திருக்காளா.

கதவைத் தட்டலையா. என்னைக் கூப்பிடவும் இல்லையா.

இதுதான், இந்தப் படிப்புதான் எனக்குப் புடிக்கல. அவ கத்தினா நான் பதிலுக்குக் கத்துவேன். எதையாவது வித்தா வேணாம்பேன். கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா மனுஷன் என்ன பண்றது?

எங்கிட்ட ஒரு மோட்டார் வந்தா, ஏன் ஓடலைன்னு பாப்பேன். எனக்குத் தெரிஞ்ச தொழில் அது. மேல இருக்கற மிஷின் நல்லா ஓடுது தம்பி. ஒரு குறையும் சொல்ல முடியாது. புஸ்சு புஸ்சுன்னு, தாளம் தப்பாம. ஒரு சத்தத்தை வெச்சே நான் சொல்லுவேன். ஏன் ஓடலைன்னு கேக்க அங்க ஒருத்தனும் வேணாம்.

இருக்கேன் இருக்கேன். மயக்கமெல்லாம் இல்ல.

என் வீட்டுக்காரியோட அக்கா இதே மாதிரிதான் கிடந்தா. வேற ஆஸ்பத்திரி, இதே குழாய், ஏழு மாசம். நாங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கிட்டே, திரும்பாமலே சொன்னா. இந்தாங்க, எனக்கு இப்படி எதையாவது சொருகி வெச்சீங்கன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன், சொல்லிட்டேன்னா. நான் பேப்பர் படிக்கறவன் மாதிரி உக்காந்திருந்தேன். காதுல விழுந்துச்சாங்கறா. விழுந்துச்சு விழுந்துச்சுன்னேன்.

வீட்ல வேற யாருமில்ல அப்போ. மகனுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்காத வரைக்கும் அந்த மிஷின் ஓடும்.

சரி. இன்னும் உக்காந்திருக்காளா?

தரை சில்லுன்னு இருக்கும். எழுந்து நாற்காலியில உக்காரச் சொல்லு. நான் வந்து சொல்றேன்னு சொல்லு. என் மகனையும் வரச் சொல்லச் சொல்லு.

தம்பி, அந்த மெக்கானிக்கைத் திரும்பிப் போகச் சொல்லிடு. சிவப்பு பொத்தானை நான்தான் அமுத்தினேன். வெளிய இழுத்தா ஓடும், அது எனக்குத் தெரியாதா? இரு. இந்தா. ஓடுது பாரு.

திட்டறதுன்னா நாளைக்கு வந்து திட்டு. இப்ப எழுதிக்க. யார் சரி பண்ணினதுன்னு ஒரு இடம் இருக்குன்னியே, அங்க என் பேரைப் போட்டுடாதே, மெக்கானிக்னும் போடாதே. அவ பேரு எனக்குத் தெரியாது, நான் கேக்கவே இல்ல. ஆறாவது மாடியில நாற்காலி போட்டு உக்காருதே, தத்துவம் படிச்ச பொண்ணு, அவன்னு எழுது.