அட்டை இல்லாதவன்

...இல்லங்க, நானே கேக்குறேன், பன்னெண்டு வயசுப் பொண்ணு நம்ம ஏரியில படகு ஓட்ட வகுப்பு, பரீட்சை, லைசென்ஸ் அட்டை, இதெல்லாம் எதுக்குங்க? எங்கப்பா டைக் ட்வைட் என்னைய ஆறு வயசுல மோட்டார் பக்கத்துல உக்கார வச்சாரு. என்ன பரீட்சை எழுதினேன்? நல்ல வேளை, என்னைய மாதிரிப் பழைய ஆளுங்களுக்கு விலக்காம். வயசானதுக்குக் கெடைச்ச ஒரே லாபம்!

இந்தக் காப்பியைக் குடிச்சீங்களா? தீயணைப்பு நிலையத்துல பரீட்சை வச்சா காப்பி இப்படித்தான். குழாயை அப்படியே திருப்பி விட்டிருக்காங்க.

என் பொண்ணு மாரிட் பாஸ் பண்ணிட்டா. அட்டையை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சா. அன்னையிலேர்ந்து வீட்டுல ஒரு அதிகாரி! மீன்பிடி சீசன் தொடங்குற சனிக்கிழமை. படகு எறக்குற துறையில எங்களுக்குப் பின்னாடி இருபது வண்டி. இவ வகுப்புல குடுத்த தாளை எடுத்துப் படிக்கிறா. "லைஃப் ஜாக்கெட்?" இருக்கு. உக்கார மெத்துன்னு இருக்கேன்னு அதை அடியில போட்டுக்கிட்டேன், அது வேற விஷயம். "விசில்?" இருக்குடி. "தக்கை?"

படகுக்குப் பின்னாடி தண்ணி வடியற ஓட்டை இருக்குல்ல, அதுக்குத்தான். ஒரு ஏரித் தண்ணி இன்னொரு ஏரிக்குப் போகக்கூடாதுன்னு ரோட்டுல போறப்போ கழட்டி வச்சிருக்கணும், அதான் உங்களுக்கே தெரியுமே. பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான். "போட்டாச்சு, போட்டாச்சு, தள்ளுடி"ன்னேன்.

போடலங்க.

நடு ஏரிக்குப் போனதும் காலு சில்லுன்னுது. காப்பி கொட்டிருச்சுன்னேன். ஒரு வாளிக் காப்பியா? ஐஸ் கரைஞ்சு மூணு வாரம்தான் ஆச்சு, விழுந்தா வெறைச்சுப் போயிருவோம். மோட்டார் வேற இருமிட்டு நின்னுபோச்சு. அவ கத்தல. என்னைய எந்திரிக்கச் சொல்லி, நான் உக்காந்திருந்த லைஃப் ஜாக்கெட்டை உருவி எனக்கே மாட்டி, பக்கிளைப் போட்டு, இறுக்கிவிட்டு, அப்புறம் விசில் ஊதினா. அவ உதடு நீலமா இருந்துச்சுங்க. அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

பக்கத்து வீட்டு ஹார்லன் வந்து கட்டி இழுத்தான். அதே துறை, அதே இருபது வண்டி. மூக்கைத் தொடைக்க நான் கர்ச்சீப் எடுத்தா, என் சட்டைப்பைலேர்ந்து பித்தளைத் தக்கை டணார்னு விழுது! இப்போ மளிகைக் கடைக்காரன்கூட "வாங்க தக்கை"ங்கிறான்.

அவ திட்டல. படகுச் சாவியை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டா. "நீ பொய் சொன்னப்பா. அட்டை வாங்கிட்டு வா, ஒன்னோட வரேன்"னுட்டா. இதுக்கு அவ திட்டியிருக்கலாம்.

மணி அடிக்குதே... உங்க பையன் உள்ளயா? என் பொண்ணா? அவ அவங்கம்மாவோட வெளிய கார்ல இருக்கா. யாரைக் கூட்டிட்டு வந்தேனா? ஏங்க, இன்னுமா புரியல... நான்தாங்க பரீட்சைக்கு! கூட எழுதுறது எல்லாம் என் இடுப்பு உசரப் பசங்க. போன வாரம் ஒரு மார்க்ல போச்சு.

இருங்க, பென்சில் வச்சேனே... இந்தப் பைலதான்... அட!

தக்கைங்க. காலைல சட்டையை எடுத்துக் குடுத்தது மாரிட்தான்.

சிரிக்காதீங்க. ஒரு பென்சில் குடுங்க.