உறுதி செய்யப்படாத இறப்புச் செய்தி

காற்றலையைக் கைக்குள் வைத்தாண்ட கணீர்க் குரலே! வதந்திக்கு வாய்ப்பூட்டிட்ட வாய்மையின் வடிவே! முப்பத்தோராண்டுகளாக மாலை ஆறேகால் மணிக்கு இவ்வூரின் அடுக்களை, சலூன், பேருந்து நிலையம் அனைத்திலும் ஒரே நேரத்தில் நுழைந்த எங்கள் வானொலிச் செய்தியக்காவே! வணக்கம்.

பணி ஓய்வு பெறும் தங்களைப் புகழ வந்தோம். மிகைப்படுத்தினால் தாங்களே இடைமறித்துத் திருத்துவீர்கள் என்ற அச்சத்தோடும் வந்தோம். ஆகவே தங்கள் பிழையிலிருந்தே தொடங்குகிறோம். பணியேற்ற முதலாண்டில், ஒரே ஒரு தொலைபேசி அழைப்பை நம்பி, கடைத்தெருத் தையல்காரர் காலமானார் என்று வாசித்துவிட்டீர்கள். மறுநாள், கழுத்தில் அளவுநாடா தொங்க, அவரே வந்து நின்றார்! வேறொருவராயின் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். தாங்களோ மன்னிப்புக் கேட்டு, ஒலிவாங்கியை அவர்முன் நகர்த்தினீர்கள். "நேத்து செத்துப்போனதா சொன்னாங்களே, அந்த டெய்லர்தான் பேசுறேன். கடை தொறந்திருக்கு!" என்றார் அவர். அன்றே தங்கள் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினீர்கள்: "இருவரைக் கேட்காமல் எவரையும் சாகடிக்காதே."

பாலம் இடிந்துவிட்டதென்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி பரவி, பள்ளிப் பேருந்தைக் காணாத பெற்றோர் பதறிய மாலையை மறப்போமா? "ரெண்டு பாட்டு கேளுங்க, நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று ஸ்கூட்டரில் பறந்தீர்கள். மூன்றாம் பாட்டின் நடுவே மூச்சிரைக்கத் திரும்பி, "பாலத்து மேல ஏறிக் குதிச்சே பாத்துட்டேன், கெட்டியா இருக்கு. டீசல் தீந்த லாரி ஒண்ணு வழிய மறிச்சு நிக்குது, ஸ்கூல் பஸ் அதுக்குப் பின்னால பத்திரமா நிக்குது, அவ்வளவுதான்" என்றீர்கள். ஊரே சிரித்தது, பெற்றோர் அழுதேவிட்டனர்.

இத்தகைய ஆறேகால் செய்தி, தங்கள் ஓய்வோடு முடிவடைவதாகத் தலைமை அலுவலகம் நேற்று கடிதம் அனுப்பியுள்ளது. எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதாம்! நாளை எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது என்பதை எந்த இணையம் சொல்லும்? தாங்கள் வகுத்த விதிப்படி இந்த இறப்புச் செய்தியையும் இருவரிடம் கேட்டோம். "யாரு சொன்னது? நீங்க வாசிக்கலேன்னா நான் வந்து வாசிப்பேன்" என்றார் பேருந்து நிலையத் தேநீர்க் கடைக்காரர். தையல்காரரோ கத்தரிக்கோலும் கையுமாகக் கிளம்பி வந்துவிட்டார். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஆகவே செய்தி உறுதியாகவில்லை. வாசிக்க மாட்டோம்.

அக்கா, கடிகாரத்தைப் பாருங்கள், ஆறேகால். சிவப்பு விளக்கையும் பாருங்கள். இம்மடல் இப்போது ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கிறது! நாளையும் இதே நேரத்தில் எங்களுள் ஒருவர் தங்கள் நாற்காலியில் அமர்வார். தடுக்க விரும்புவோர் நேரில் வரட்டும். அவர்களுக்கும் ஒலிவாங்கியை நகர்த்துவோம். தாங்கள் நூறாண்டு நோயின்றி வாழ்ந்து, எங்கள் பிழைகளைத் தொலைபேசியில் திட்டித் திருத்த வேண்டும். ஊராரே, கடை திறந்திருக்கிறது!

இவண்,
நிலைய ஊழியர்கள் அறுவர்

சாட்சிக் கையொப்பம்: தையல்காரர், உயிருடன்