சத்தமாக வாசிக்க ஒரு இடம்

பூதலூரில் ரயில் நின்றிருந்தது. என் எதிரே இருந்த பெரியவர், சாக்ஸபோன் பெட்டியை மடியில் வைத்திருந்த தன் அக்கா மகனிடம் கேட்டார்.

"தஞ்சாவூர் ஓட்டல்ல ஜாஸ் வாசிக்கிறியாமே. யாராவது கேக்குறாங்களா?"

"சாப்பிடறவங்க பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாம வாசிக்கணும்னு மேனேஜர் சொல்லியிருக்காரு மாமா. நேத்து ஒருத்தர் கை தட்டினாரு."

"பரவாயில்லையே."

"சர்வரைக் கூப்பிட்டாரு."

பெரியவர் சிரிக்கவில்லை. "நம்ம மலர் கல்யாணத்துக்கு வந்து வாசியேன்."

"ஜாஸா?"

"எதையாவது வாசி. பந்தியில சம்பந்தி வீட்டுக்காரங்க குறை சொல்றது யார் காதுலயும் விழக்கூடாது. அவ்வளவு சத்தமா வாசிக்கணும்."

அக்கா மகன் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் கிளம்பிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மைக் வச்சுக்கலாமா மாமா?"