பெருவிரல் வீக்கம், காலை எட்டு மணி

என் கையெழுத்து கொஞ்சம் கோணல்தான், இன்ஸ்பெக்டர் மேடம். ஐம்பது வயதுக்கு மேல் எழுதப் படித்தவன். ஆனாலும் குற்றாலத்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் காய நோட்டில், நாளும் நேரமும் இல்லாமல் ஒரு வரி இருக்காது.

யார் உடம்பில் காயம் தெரிந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் நோட்டில் ஏற வேண்டும். போன ஆடியில் ஒருமுறை, நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. "இன்னொரு தடவ லேட்டானா நோட்டை வேற ஆளுகிட்ட கொடுத்துருவேன்" என்றார் மேனேஜர். அந்த நோட்டு ஒன்றுதான் எனக்கு வாய்த்த மரியாதை. பிறகு நான் பிந்தவே இல்லை.

காந்திமதிநாதன் அண்ணாச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவர். இருபத்திரண்டு வருடம் அவர் வெங்காய மூட்டையைச் சுமந்தேன். கூலி நாளில் என் பெருவிரலைப் பிடித்திழுத்து மைப்பெட்டியில் அழுத்துவார். கையெழுத்துக் கற்றுக்கொண்டு போய் நின்றேன். "ஏலே மாரிராஜ், நீ பேரு எழுதினா மூட்டை வெயிட்டு கொறையுமாலே? வெரலைக் கொண்டா" என்றார். கடையே சிரித்தது.

இப்போது எங்கள் இல்லத்தில் இருக்கிறார், எதுவும் ஞாபகமில்லை. குளிப்பாட்டும்போதெல்லாம் "யாருலே நீ?" என்பார். பேரைச் சொல்வேன், மறந்துவிடுவார். ஞாபகப்படுத்துவதும் என் வேலைதானே. முழங்கையில் ஒருமுறை, தோளில் இரண்டுமுறை கன்றியது. 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன். சாரல் காலம், தரை ஈரம். யாரும் கேட்கவில்லை.

ஒரு வரி எழுத எனக்கு அரை மணி ஆகும். அதனால் எழுதி வைத்துவிட்டுத்தான் அவர் அறைக்குப் போவேன்.

புதன்கிழமை நான் அவர் அறைக்குப் போகும் முன்னாலேயே நர்ஸ் ஜெபமலர் நோட்டைப் பார்த்துவிட்டது. "என்ன மாரிராஜ் அண்ணாச்சி, வலது பெருவிரல் வீக்கம், எட்டு மணின்னு எழுதிருக்கிய? அவரு அந்தக் கையாலதான இட்லியப் பிச்சுத் திங்காரு?"

"நான் பாத்துட்டு வாரேன்" என்று போனேன். எட்டாக நான்கு நிமிடம் இருந்தது. நோட்டில் பொய் இருக்கக் கூடாது. கையிலிருந்த இட்லியை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, விரலைப் பிடித்துப் பின்பக்கமாக அழுத்தினேன். "யாருலே நீ?" என்றார். எலும்பு முறிந்த பிறகு கேட்கவில்லை. திரும்பினால் வாசலில் ஜெபமலர் நின்றது.

வாக்குமூலத்தைக் கொடுங்கள், பேர் எழுதியே கையெழுத்துப் போடுகிறேன். 'காயத்தை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை' என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அது வீண்பழி. எட்டு மணி என்று எழுதியிருந்தேன். எட்டு மணிக்கு வீங்கியிருந்தது.