ஏழாம் எண் கார்டு பற்றித் தையல்காரி சொன்னது

என் பெயரும் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் நான் சொன்னபடியே இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. வயது நாற்பத்தெட்டு. பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் இரண்டாவது மாடியில் நானும் என் கணவரும் வாடகைக்குக் குடியிருக்கிறோம். முன்னறையில் மெஷின் போட்டு, பழைய உடுப்புகளைப் பிரித்து அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பது என் தொழில். நேற்று என் கணவரை இந்தப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்து வந்தவர்கள் இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை. தான் வாங்கியதாக அவர் சொன்ன கம்ப்யூட்டர் பாகத்தை அவர் வாங்கவில்லை, நான்தான் வாங்கினேன் என்று சொல்வதற்காக இன்று காலை நானாகவே வந்தேன். யாரும் சொல்லிக்கொடுத்து நான் பேசவில்லை. சொல்லிக்கொடுத்தால் எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது.

என் கணவர் லாரி ஓட்டுநர். சர்க்கரை வியாதியால் வலது கண்ணில் ரத்தம் கசிந்து பார்வை போய்விட்டது. இடது கண்ணைக் காப்பாற்ற ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வருகிறார். லைசென்ஸைப் புதுப்பித்துத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பணிமனைக்குள் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே இவன் கிளட்ச்சைக் கொல்கிறான், அவன் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று பொழுதுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்துக்கு மேல் அந்தப் புலம்பல் வேறு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அதையும் சொல்லாமல் விட்டுவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் ஆச்சு என்பார், தட்டைப் போய்ப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும்.

அந்தச் சமயத்தில் பேன்ட் நீளம் குறைக்க வந்த கூரியர்காரர் ஒருவர், நான் தைத்து முடிக்கும் வரை தன் போனில் யாரோ லாரி ஓட்டும் விளையாட்டு ஆடுகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கியர், பக்கவாட்டுக் கண்ணாடி, எடை போடும் மேடை எல்லாம் அதில் இருந்தது. என் கணவர் எழுந்து வந்து அவருடைய தோளுக்குப் பின்னால் நின்றார், பேன்ட் தயாரான பிறகும் நகரவில்லை. இதை ஆட வேண்டுமானால் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வேண்டும், புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது, பழைய பாகங்களாகத் தேடிச் சேர்த்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கூரியர்காரர் சொன்னார். அதன் பிறகு நான் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். காலர் வெட்டுவதிலும் பாதியை நான் அப்படித்தான் கற்றேன். என் தங்கை போன் செய்து, இந்த வயதில் உனக்கு என்ன கேம் என்று சிரித்தாள். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

பழைய பாகங்கள் விற்கிற தெருவில் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அவரை எல்லோரும் வாரண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கடைப்படியைத் தாண்டுகிற வரைக்கும்தான் வாரண்டி என்று ஒவ்வொருவரிடமும் சொல்வதால் அந்தப் பெயர் வந்தது. பிராசசர், மதர்போர்டு, மெமரி, பவர் சப்ளை எல்லாவற்றையும் அவரிடம்தான் ஒவ்வொன்றாக வாங்கினேன். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, சூடாகிற வரைக்கும் கூடவே நின்று பார்த்துத்தான் வாங்குவேன். ஒரு முறை அவர் அலுத்துப்போய், பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள் அக்கா என்றார். ஓர் அலுவலகத்தைக் காலி செய்தபோது கிடைத்த பெட்டிக்கு ஒரு பக்கக் கதவு இல்லாததால், அந்தப் பக்கத்துக்குக் கொசுவலைத் துணியில் நானே உறை தைத்துப் போட்டேன்.

கிராபிக்ஸ் கார்டு மட்டும் அமையவில்லை. கார்டு என்பது படத்தை உண்டாக்கித் திரைக்கு அனுப்புகிற பாகம். உள்ளே ஒரு பலகை, அதன் சூட்டைத் தணிக்க மேலே விசிறிகளோடு ஒரு மூடி, பின்னால் ஒரு தகடு என்று மூன்றும் சேர்ந்தது. கீழ்வீட்டு டீச்சரின் மகன் வெளியூருக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கார்டு ஒன்று இருந்தது. பலகை நன்றாக இருந்தது, விசிறிகள் சுற்றவில்லை, மூடியும் உடைந்திருந்தது. அதை டீச்சர் அதன் அட்டைப்பெட்டியோடு எனக்குக் கொடுத்தார். அதன் பிறகு நான் வாரண்டியின் கடைக்குப் போனேன். அங்கே வாசலுக்கு அருகில் ஒரு பிளாஸ்டிக் கூடை உண்டு. ஓடாத பாகங்களை அதில் போட்டு எடைக்கு விற்பார். செத்த கூடை என்று பெயர். செத்த கூடையில் கிடக்கிற பொருளுக்கு அந்தத் தெருவில் யாரும் பூர்வீகம் விசாரிப்பதில்லை. அதற்குள் டீச்சர் கொடுத்த அதே மாடல் கார்டு ஒன்று கிடந்தது. விசிறிகள் புதிது போல் இருந்தன. ஆனால் பலகையில், கம்ப்யூட்டருக்குள் சொருகுகிற தங்க நிற விளிம்பு பாதி முறிந்துபோயிருந்தது. யார் விற்றது என்று நான் கேட்கவில்லை. கூடையில் இருந்தது, எடை போட்டார், கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் பிரித்தேன். டீச்சர் கொடுத்த பலகைக்குச் செத்த கார்டின் மூடியையும் விசிறிகளையும் பின் தகட்டையும் மாட்டினேன். கிழிந்த கோட்டின் உள்துணியை எடுத்து நல்ல கோட்டுக்கு வைப்பது எனக்குத் தினப்படி வேலை, இதில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. முறிந்த பலகையைத் தூக்கிப் போட மனம் வராமல் பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தேன்.

செத்த கார்டின் பின் தகட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதில் ஏழு என்று எண் போட்டிருந்தது. தூசியைத் துடைத்தபோது அது ஒரு மூலையில் பெயர்ந்துவிட்டது. நான் பசை தடவி, கோணாமல் அதே இடத்தில் திரும்ப ஒட்டினேன். அதை ஏன் கிழித்துப் போடவில்லை என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். கோட்டுக்கு உள்துணி மாற்றினாலும், காலருக்குள் இருந்த லேபிளை அதே இடத்தில் தைத்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். லேபிள் இல்லாவிட்டால் என் கோட்டையே மாற்றிவிட்டாய் என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். பழைய பாகம் எதை எடுத்தாலும் ஏதாவது ஓர் அலுவலகத்துச் சீட்டு ஒட்டியிருக்கத்தான் செய்யும். திருட்டுப் பொருள் என்று தெரிந்திருந்தால் எந்தப் பைத்தியமாவது பசை தடவி ஒட்டுமா என்று நான் ஐயாவைத் திருப்பிக் கேட்டேன். குரலை உயர்த்திக் கேட்டேன் என்று எழுத்தர் எழுதியிருக்கிறார். அது உண்மைதான்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் ஓடியது. என் கணவருடைய பார்வைக்கு ஏற்றபடி திரையை இடது பக்கமாகத் தள்ளி வைத்தேன். பழைய ஸ்டியரிங் ஒன்றும் வாங்கி மேசையில் இறுக்கிக் கொடுத்தேன். முதல் நாள் அவர் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் இருக்கையைச் சரி செய்தார். அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலி. வெறும் பொம்மைச் சாலையில்கூட சிவப்பு விளக்குக்கு நின்றார். எதிரே வருகிறவன் லைட்டைத் தணிக்கவில்லை என்று திட்டினார். சரக்கை இறக்கிவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று சொல்லி, இறக்கிவிட்டு வந்து தட்டைக் காலி செய்தார். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், பழைய பாகங்களில் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் போனில் வைத்திருக்கிற குழுவுக்கு, கொசுவலை உறையைக் கழற்றிவிட்டு உள்ளே தெரிகிறபடி ஒரு படம் எடுத்து அனுப்பினேன். கட்டி முடித்தால் எல்லோரும் அனுப்புவார்கள். மஞ்சள் சீட்டு அதில் தெளிவாகத் தெரிந்தது.

கேம் சென்டர் நடத்துகிறவர் ஒருவர் அதே குழுவில் இருந்திருக்கிறார். வார விடுமுறை நாளில் அவருடைய சென்டரின் பின்கதவை உடைத்துக் கார்டுகளைத் திருடிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த மஞ்சள் சீட்டு, அவர் தன் கார்டுகளுக்கு எண் போட்டு ஒட்டுகிற சீட்டு. படத்தில் அதைப் பார்த்துவிட்டு அவர் போலீசில் சொல்லியிருக்கிறார். நேற்று போலீசார் வீட்டுக்கு வந்தபோது நான் ஜிப் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அப்போது நடந்ததை மாடிப்படியில் நின்று கேட்ட கீழ்வீட்டு டீச்சர் என்னிடம் சொன்னார். இதை யார் வாங்கியது என்று கேட்டதற்கு என் கணவர் சட்டென்று, "நான்தான் சார் வாங்கினேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். எங்கே வாங்கினீர்கள் என்றதற்கு மறந்துவிட்டது என்றாராம். இதில் கார்டு எது என்று கேட்டதற்குப் பவர் சப்ளையைத் தொட்டுக் காட்டி, இதுதான் எஞ்சின் என்றாராம். அதன் பிறகு அவரையும் கம்ப்யூட்டரையும் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பெட்டியின் ஒரு திருகாணியைக்கூட அவர் கழற்றியதில்லை. பொய் சொல்லத் தெரியாதவர் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நேற்று மாலையே இங்கே வந்தேன், காலையில் வரச் சொன்னார்கள்.

இன்று நான் டீச்சர் கொடுத்த அட்டைப்பெட்டியையும் பொத்தான் டப்பாவில் இருந்த முறிந்த பலகையையும் கொண்டுவந்தேன். இன்ஸ்பெக்டர் ஐயா அனுமதித்ததன் பேரில், கேம் சென்டர்காரர் முன்னிலையில் கார்டைக் கழற்றிப் பிரித்துக் காட்டினேன். உள்ளே இருந்த பலகையின் தயாரிப்பு எண்ணும் டீச்சர் கொடுத்த பெட்டியின் எண்ணும் ஒன்றாக இருந்தன. முறிந்த பலகையின் எண் கேம் சென்டர்காரர் கொண்டுவந்த பில்லில் இருந்தது. அவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பாவமாக இருந்தது. மூடியும் விசிறியும் தகடும் உங்களுடையவைதான், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதை வைத்துக்கொண்டு நான் என்னம்மா செய்வது என்றார்.

அதன் பிறகு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கார்டைக் கழற்றும்போது அதைப் பிடித்திருக்கிற கொக்கியை அழுத்திவிட்டுத்தான் இழுக்க வேண்டும், அழுத்தாமல் பிடுங்கியதால்தான் விளிம்பு முறிந்திருக்கிறது, ஆகவே திருடியவனுக்கு இந்த வேலை தெரியாது என்று ஐயாவிடம் சொன்னேன். ஐயா சிரிக்காமல், "உங்க வீட்டுக்காரருக்கும் தெரியாதேம்மா" என்றார். அவரைத்தான் திருடன் என்று நினைக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திருட்டு என்றைக்கு நடந்தது என்று கேட்டேன். தேதியைச் சொன்னார்கள். முந்தின நாள் கண்ணில் ஊசி போட்டதில் வலி நிற்காமல், அன்று முழுக்க அவர் கண் ஆஸ்பத்திரி வார்டில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தேன். ஐயா வார்டுக்குப் போன் செய்து கேட்டதற்கு ஆமாம் என்று சொன்னார்கள். நேற்றே இதை அவர் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் இதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை.

என் கணவரை அனுப்பிவிடுவதாகவும், விசாரிக்காமல் வாங்கியதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றும், வாரண்டியை அழைத்து வந்து முடிக்கிற வரைக்கும் நான் இங்கேயே இருக்க வேண்டும், கம்ப்யூட்டரும் இங்கேதான் இருக்கும் என்றும் ஐயா சொன்னார். நான் சம்மதித்தேன். கேட்காமல் வாங்கியது நான்தான்.

அதன் பிறகு என் கணவரை உள்ளிருந்து அழைத்து வந்தார்கள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நான் அதைச் சரியாகப் போட்டுவிட்டுக்கொண்டே, ஆஸ்பத்திரியில் இருந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர், "நான் இல்லேன்னு தெரிஞ்சா அடுத்து உன்னைத்தானே பாப்பாங்க" என்றார். பார்த்தால் பார்க்கட்டுமே, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். அவர், "நான் உள்ள இருந்தா வீட்டுல மெஷினாவது ஓடும். நீ உள்ள இருந்தா அந்த வீட்டுல ஒண்ணுமே ஓடாதும்மா" என்றார்.

அதைக் கேட்டு நான் அழுதேன். அழுததை எழுத வேண்டாம், வழக்குக்குத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். நேற்றிலிருந்து அவர் பொய் சொன்னதையெல்லாம் எழுதினீர்களே, இதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னதால் எழுதப்பட்டிருக்கிறது.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்கும் என் கணவருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டினார். எல்லாம் நான் சொன்னதுதான், எல்லாம் நடந்ததுதான்.

(கையொப்பம்)