மீன்கொத்தியின் கிரேக்கப் பேர்

கோவளத்திலிருந்து தாம்பரம் போகும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா, காலடியில் அலுமினியக் கூடை. பக்கத்தில் காலேஜ் பையோடு மகள். கேளம்பாக்கம் உப்பளத்தின் ஓரம் கரண்ட் கம்பியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

“அது ஒரு காலத்துல பொம்பளையாம்மா.”

“இன்னாடி ஒளர்ற?”

“அதோட சயின்ஸ் பேரு ஹால்சியான். கிரேக்கக் கதையில வர்ற ஒரு பொண்ணு பேர்லேர்ந்து வந்துதாம். அவ புருஷன் கடல்ல படகு கவுந்து செத்துட்டான். இவ தெனம் கரையில வந்து நின்னுகினே இருந்தாளாம். சாமிங்க மனசு எறங்கி ரெண்டு பேரையும் இந்தக் குருவியா மாத்திட்டாங்க. அதுங்க முட்ட வெச்சா கடல்ல அலையே அடிக்காதாம்.”

பஸ் உப்பளத்தைத் தாண்டும் வரை அம்மா கம்பியில் இருந்த குருவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“அவன் ஒடம்பு கெடச்சிதா?”

“கெடச்சிது. அவ நின்ன கரைக்கே வந்து ஒதுங்கிச்சாம்.”

“குடுத்து வெச்சவ. கெடைக்கலன்னா என்னிய மாதிரி, பொட்ட அழிக்க மனசு வராம பூ வெச்சிகினு திரியணும்.”

அம்மாவின் கொண்டையிலிருந்து நழுவித் தொங்கிய மல்லிகைச் சரத்தை மகள் எடுத்து, தன் ஹேர்பின்னைக் கழற்றிச் செருகினாள்.

“வெச்சிக்கோம்மா. அப்பா வந்தா பாக்கணும்ல.”